பழைய ரிக்கின் ஃபேன் கத்துகிறது: எதை மாற்றிப் போடலாம்?

உப்புக்காற்று (தேவனாம்பட்டினம், கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். நாலு மாதம் முன்னால் ஒரு யாயேசு எஃப்டி 101 இசட்டி, டியூப் போட்ட பழைய ஹாம் ரேடியோ ரிக் (அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டி), கைக்கு வந்தது. புதுச்சேரியில் ஒரு பெரியவர் வைத்திருந்தது. அவர் போன பிறகு பரணில் கிடந்ததை அவருடைய மகள் கூப்பிட்டுக் கொடுத்தார். தூசி தட்டி, மின்தேக்கிகளை மெதுவாக வோல்ட் ஏற்றிப் பழக்கி, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடில் போட்டுப் பார்த்தால் 90 வாட்டுக்கு மேல் வருகிறது. பைனல்ஸ், அதாவது கடைசியில் பவர் கொடுக்கும் டியூப்கள், ரெண்டும் 6146பி, நன்றாகவே இருக்கின்றன.

பிரச்சினை பின்பக்க ஃபேன். போட்டதும் கிரைண்டரில் கல் சிக்கினது மாதிரி ஒரு கரகரப்பு. பத்து நிமிடத்தில் அது அடங்கி, ஒரே சுருதியில் ஊளை. ராத்திரி 40 மீட்டர் அலைவரிசையில் மெல்லிசாக வரும் சிடபிள்யூவை (மோர்ஸ்) கேட்கவே முடியவில்லை. ஹெட்போன் போட்டாலும் ஊளை உள்ளே வருகிறது.

அதனால் ஒரிஜினலைக் கழற்றி வைத்துவிட்டு, 80 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் போட்டேன். அதற்கு ஒரு 12 வோல்ட் சுவர் அடாப்டர். காதுக்குச் சத்தம் குறைந்தது, ஆனால் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் 2-ல் இருந்தது இப்போது 6-ல் நிற்கிறது. பேண்ட் முழுக்க ஒரு 'ஸ்ஸ்ர்ர்'. என்ன ஃபேன் வாங்கலாம்? பால் பேரிங்கா, ஸ்லீவா? இல்லை, பழையதையே சரி பண்ணலாமா?

ஈயப்பொட்டு (நெல்லித்தோப்பு, புதுச்சேரி)

கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் என் பிழைப்பு, ஃபேன் பற்றி மட்டும் தைரியமாகப் பேசலாம்.

ஸ்லீவ் என்பது எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ். புதிதில் சத்தமே இருக்காது, விலையும் குறைவு. ஆனால் சூட்டில் எண்ணெய் வற்றிவிடும். படுக்கப் போட்டால், அதாவது தண்டு மேல் கீழாக நின்றால், சீக்கிரம் தேயும். பால் பேரிங் சூட்டைத் தாங்கும், எப்படி வைத்தாலும் ஓடும். ஆனால் முதல் நாளிலிருந்தே மெல்லிய உறுமல் உண்டு, வயதாக ஆக அது கூடும். ரெண்டுக்கும் நடுவில் ஃப்ளூயிட் பேரிங் என்று வருகிறது, எண்ணெயை உள்ளேயே சுழல விட்டுத் தண்டை மிதக்க வைக்கும். நல்ல கம்பெனியாக இருந்தால் இதுதான் என் தேர்வு.

ஒரு எச்சரிக்கை. நாலு கம்பி ஃபேன் வாங்கினால் அந்த நாலாவது கம்பியை எதனோடும் சேர்க்காதீர்கள். அது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் சிக்னலுக்கு, 25 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. அதன் ஹார்மோனிக்ஸ் (மடங்கு அலைகள்) உங்கள் ரிசீவருக்குள் கச்சேரி வைக்கும். சும்மா விட்டால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். வேகத்தைக் குறைக்க வோல்ட்டைக் குறையுங்கள்.

டியூப்தாத்தா (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

தம்பி, ஃபேன் வாங்குவது கடைசி வேலை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்தீரா?

மூன்று சோதனை. ஒன்று, ரிக் சுவரை ஒட்டி இருந்தால் ஒரு சாண் முன்னால் இழுத்து வையும். ஃபேனுக்குப் பின்னால் இடமில்லாவிட்டால் காற்று திணறும், அந்தத் திணறல்தான் பாதி ஊளை. ரெண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேன் சட்டத்தை ரப்பர் துண்டால் லேசாக அழுத்திப் பாரும். சத்தம் மாறினால் குற்றம் மோட்டாரில் இல்லை, தகரத்தில். மூன்று, அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இலையை விரலால் சுழற்றும். வழுக்கிக்கொண்டு சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் புஷ் வறண்டுவிட்டது.

பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது என்று உமக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பைனல்ஸ் பிளேட்டில் 800 வோல்ட் அளவில் இருக்கும், அணைத்த பிறகும் மின்தேக்கியில் தங்கும். கையை விடுமுன் டிஸ்சார்ஜ் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

அப்புறம், பழைய மோட்டார் எத்தனை வோல்ட் என்று பார்த்து எழுதிக்கொள்ளும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கிருந்து வந்த ரிக்குகள் பலவற்றில் ஃபேன் மோட்டாரும் அதற்கேற்றதுதான், ட்ரான்ஸ்பார்மர் சுருளின் நடுவில் எடுத்த டேப்பிலிருந்து ஊட்டுவார்கள். அதைக் கழற்றிய இடத்தில் 230 வோல்ட் ஃபேனை மாட்டிவிட்டு "சுற்றவே இல்லை" என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

பச்சைக்கண் (பண்ருட்டி)

என்னைக் கேட்டால் ஃபேனே வேண்டாம். கென்வுட் டிஎஸ் 520-ல் ஃபேனைக் கழற்றி எட்டு வருஷமாக ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. மேல்மூடியில் ஓட்டை இருக்கிறது, சூடு தானாக மேலே போகும். அந்தக் காலத்தில் டியூப் ரேடியோவுக்கு யார் ஃபேன் வைத்தார்கள்?

டியூப்தாத்தா

> ஒன்றும் ஆகவில்லை

சாயங்காலம் அரை மணி நேரம் நண்பர்களோடு எஸ்எஸ்பியில் (குரலில்) அரட்டை, அதிலும் பாதி நேரம் கேட்பது. உங்கள் டியூபுக்கு வியர்க்கவே இல்லை, அதுதான் காரணம். எஃப்டி8, அந்தக் கம்ப்யூட்டர் டிஜிட்டல் முறை, போட்டுப் பாருங்கள். 15 விநாடிக்கு ஒரு முறை, அதில் 12.64 விநாடி விடாமல் கேரியர். ஒன்று விட்டு ஒன்று என்றாலும் பாதி நேரம் முழு அழுத்தத்தில் நிற்கும். 1970-களில் இதைப் பற்றி யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

டியூப் ரேடியோ பெட்டியில் ஆடியோ டியூப் சில வாட் சூட்டோடு தன் பாட்டுக்கு இருக்கும். இங்கே ரெண்டு 6146பி தகரப் பெட்டிக்குள் அடைபட்டு நிற்கிறது. கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, பார்ப்போமா?

101 இசட்டிக்கு உள்ளே போவது 180 வாட். வெளியே வருவது நூறு என்று வைத்துக்கொள்வோம். 80 வாட் சூடாகப் பெட்டிக்குள் நிற்கும். ரெண்டு டியூபின் ஹீட்டர், 6.3 வோல்ட் 1.125 ஆம்பியர் வீதம், இன்னொரு 14 வாட். ஆக 95-ஐ ஒட்டி. இந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போக எவ்வளவு காற்று வேண்டும்? வாட்டை மூன்றால் பெருக்கி, காற்று எத்தனை டிகிரி சூடேறலாம் என்பதால் வகுத்தால் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். 15 டிகிரி ஏறலாம் என்றால் 19 கன மீட்டர்.

நல்ல 80 மில்லிமீட்டர் ஃபேன் வெட்டவெளியில் மணிக்கு 50 கன மீட்டர் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருப்பான். நம் ரிக்கின் சல்லடையும் டியூபும் குறுக்கே நிற்பதால் பாதியும் கிடைக்காது. வோல்ட்டைக் குறைத்து ஓட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும். அப்படியும் 16, 17 வரும். காற்று 15-க்குப் பதில் 17, 18 டிகிரி ஏறும். தாராளமாகப் போதும். மெதுவாகச் சுற்றும் ஒரு சின்ன ஃபேன் போதுமான வேலை இது. ஃபேனே இல்லாமல் விடுவதும் தப்பு, புயல் மாதிரி ஊதுவதும் வீண்.

ஈயப்பொட்டு

தாத்தா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் சத்தம் 15 டெசிபல் போல விழும், காதுக்கு அது மூன்றில் ஒரு பங்கு ஆன மாதிரி. அதனால்தான் சின்ன ஃபேனை விரட்டுவதைவிடப் பெரிய ஃபேனைச் சோம்பேறியாக ஓட்டுவது மேல். இடம் இருந்தால் 92 போடுங்கள், 60-ஐப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், கொசு மாதிரி கத்தும்.

லாசுப்பேட்டை லீனியர் (புதுச்சேரி)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் கணக்கைப் படித்துவிட்டு யாராவது லீனியர் (ரிக்கின் பவரை மேலும் பெருக்கும் பெட்டி) ஃபேனையும் மெதுவாக்கிவிடப் போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது.

என்னிடம் ஹீத்கிட் எஸ்பி 220 இருக்கிறது, உரிம எல்லைக்குள் அடக்கித்தான் ஓட்டுகிறேன். அதில் ரெண்டு 3-500 இசட் டியூப். ஒவ்வொன்றின் ஃபிலமென்ட்டும் 5 வோல்ட், 14.6 ஆம்பியர். அதாவது நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் 146 வாட் சூடு உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது. டியூபின் அடியில் கண்ணாடியும் உலோகமும் சேரும் இடம் 200 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று தயாரிப்பாளர் தாளிலேயே இருக்கிறது. காற்று நின்றால் அந்தச் சீல் விரிசல் விடும், டியூபுக்குள் காற்று புகும், கதை முடிந்தது.

இன்னொரு விஷயம் நம்மூரில் யாரும் யோசிப்பதில்லை. அது அமெரிக்காவில், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஷேடட் போல் ரக ஏசி மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது ஹெர்ட்ஸ். அங்கே ரெண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 3600 சுற்றை எட்டப் பார்க்கும், இங்கே 50 ஹெர்ட்ஸில் 3000-ஐத் தாண்டவே முடியாது. நாம் ஒன்றுமே செய்யாமல் ஆறில் ஒரு பங்கு காற்று போய்விட்டது. போதாததற்கு மோட்டார் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். எனவே லீனியர்காரர்கள் சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் எண்ணெய் விடுங்கள், அதிர்வைத் தடுங்கள், மேஜைக்குக் கீழே வையுங்கள். வேகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஓட்டி முடித்ததும் உடனே அணைக்காமல் சும்மா ரெண்டு மூன்று நிமிடம் காற்று போகவும் விடுங்கள்.

பச்சைக்கண்

சரி, எஃப்டி8 நான் போடுவதில்லை, அது வேறு. ஒரு சந்தேகம். ஏசி ஃபேனுக்கு வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டு வேகம் குறைத்தால் என்ன? எளிதான வழி இல்லையா?

ஈயப்பொட்டு

எந்த ரெகுலேட்டர் என்பதைப் பொறுத்தது. திருகினால் வழுவழுவென்று ஏறி இறங்குவது ட்ரையாக் ரகம். அது ஒவ்வொரு அரை அலையிலும் மின்சாரத்தை நடுவில் வெட்டும், 80 மீட்டரில் தேனீக்கூட்டம் மாதிரி கேட்கும். டக் டக்கென்று படிப்படியாகத் திரும்புகிறதே, அது பெரும்பாலும் மின்தேக்கி ரகம், ரேடியோவுக்கு நல்ல பிள்ளை. ஆனால் சீலிங் ஃபேனுக்காகப் போட்ட மதிப்பு உங்கள் குட்டி ஃபேனுக்குப் பொருந்தாது. நானாக இருந்தால் தொடரில் ஒரு 400 வோல்ட் ஏசி தாங்கும் ஃபிலிம் மின்தேக்கியை ஒன்றரை மைக்ரோ, ஒரு மைக்ரோ என்று மாற்றிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஆறிய நிலையிலிருந்து தானாகக் கிளம்புகிறதா என்று பார்ப்பது முக்கியம். கிளம்பாமல் நின்றால் மோட்டார் வெந்துவிடும்.

உப்புக்காற்று

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க இதில்தான் போனது. வரிசையாகச் சொல்கிறேன்.

தாத்தா சொன்ன சாண் கணக்கு வேலை செய்தது. என் ரிக் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் இருந்தது. இழுத்து வைத்ததும் ஊளை ஒரு சுருதி இறங்கியது. நம்பவே முடியவில்லை.

பழைய மோட்டார் டேப்பை மீட்டரில் பார்த்தேன், நூறை ஒட்டி வந்தது. மோட்டாரைப் பிரித்தேன். தண்டின் முனையில் நகக்கண் அளவு ஒரு 'சி' கிளிப், அதைத் தள்ளியதும் எங்கே பறந்தது என்றே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் டார்ச் அடித்துத் தேடி, கடைசியில் செருப்புக்குள் கிடந்தது. கிளிப்புக்குக் கீழே ரெண்டு ஃபைபர் வாஷர். அதற்குக் கீழே புஷ்ஷைச் சுற்றிக் கறுப்பாக, பழைய பனங்கற்கண்டு உருகி ஒட்டினது மாதிரி ஒரு பிசின். தண்டில் ஒரு இடத்தில் மட்டும் செம்பழுப்பாக ஒரு வளையம், துரு. இந்த ரிக் கடற்கரைக் காற்றில் பல வருஷம் இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தப் பிசின் என்ன என்று முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்! யாரோ ஒரு காலத்தில் நல்ல மனதோடு விட்டிருக்கிறார்கள்.

டியூப்தாத்தா

அட பாவி. அது காய்ந்து கோந்தாகும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஸ்ப்ரே டப்பாவும் வேண்டாம், இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

மண்ணெண்ணெயில் துடைத்து, அந்தத் துரு வளையத்தை மெல்லிய உப்புக்காகிதத்தால் வட்டமாகத் தேயும், நீளவாக்கில் வேண்டாம். புஷ்ஷை மெஷின் எண்ணெயில் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் ஊற விடும். வெண்கலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவை குடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் போதும். மாட்டிய பிறகு ஃபெல்ட்டில் ரெண்டு சொட்டு, மூன்றாவது சொட்டு தூசிக்குத்தான்.

2011 டிசம்பர் 30, தானே புயல் கரையேறிய அன்று எங்கள் வீட்டு மாடி ஜன்னல் பெயர்ந்து, மழையும் உப்பும் ரிக் மேலேயே அடித்தது. அதிலிருந்து எடுத்த மோட்டாருக்கும் இதே வைத்தியம்தான். இன்னும் ஓடுகிறது.

உப்புக்காற்று

செய்துவிட்டேன் ஐயா. கரகரப்பு போயே போய்விட்டது. ஆனால் தண்டு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது போல, லேசான தடதடப்பு மிச்சம். இனி இதைத் தினமும் ஓட்ட மனம் வரவில்லை. ரிக்கை யாருக்காவது ஒரிஜினலாகக் கொடுக்க நேர்ந்தால் மாட்டிக் கொடுக்கலாம் என்று துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

புதிய ஃபேன் விஷயம். எஸ் மீட்டர் 6-க்கு ஏறினது ஃபேனால்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். யூபிஎஸ்ஸில் இருந்து எடுத்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதே ஃபேனை ஓட்டிப் பார்த்தேன். எஸ் மீட்டர் 3-க்கு இறங்கியது! அடாப்டரை மட்டும், ஃபேன் இல்லாமல் ஒரு பல்பை மாட்டிப் பார்த்தேன், பழையபடி 6. பாவம் ஃபேன்.

ஈயப்பொட்டு

அந்த அடாப்டருக்குள் ஃபில்டர் என்று எதுவுமே இருக்காது. பலகையில் காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பியை வளைத்து ஈயம் வைத்திருப்பார்கள், வாரத்துக்கு ரெண்டு பார்க்கிறேன்.

இரும்பு ட்ரான்ஸ்பார்மர் ஒன்று வாங்குங்கள். 12 வோல்ட் 500 மில்லியாம்ப் போதும். பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 1000 மைக்ரோ மின்தேக்கி, எல்எம் 317 ரெகுலேட்டர் சில்லு, வேகம் திருகுவதற்கு ஒரு ப்ரீசெட். சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டாம், இங்கேயே கிடைக்கும். 7 வோல்ட்டுக்கும் 8 வோல்ட்டுக்கும் நடுவில் வைத்து ஓட்டுங்கள். 5-க்குக் கீழே போனால் பல ஃபேன்கள் ஆறிய நிலையில் கிளம்பாது.

டிசி ஃபேனும் முழுச் சாது இல்லை. உள்ளே காயில்களை மாற்றி மாற்றி எரிக்கும் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குக் கம்பிகளை முறுக்கி, ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, ஃபேன் பக்கத்திலேயே ஒரு 0.1 மைக்ரோ மின்தேக்கி போடுங்கள். அது எதிர்ப்பக்கமும் உதவும். டிரான்ஸ்மிட் அமுக்கும்போது ஆர்எஃப் (ரேடியோ அலை) ஏறி ஃபேன் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். காற்று வேண்டிய அந்த நேரத்தில்தான் நிற்கும்!

மாட்டுவதற்கு இரும்பு ஸ்க்ரூ வேண்டாம், ரப்பர் பின். விரல் படாமல் இருக்கத் தகரத்தில் குத்திய சல்லடை இருந்தால் எடுத்துவிட்டுக் கம்பி வலை போடுங்கள். காற்று ஊதுவது எந்தத் திசை என்று பழைய ஃபேனிடம் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்த்தீர்கள்தானே? அதே திசையில்தான் மாட்ட வேண்டும்.

லாசுப்பேட்டை லீனியர்

ட்ரான்ஸ்பார்மர் வைக்க இடமில்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: 6.3 வோல்ட் ஹீட்டர் லைன் இருக்கும் செட்டில் ஒரு டையோடு, ஒரு 1000 மைக்ரோ. எட்டு வோல்ட் அளவில் டிசி கிடைக்கும், 12 வோல்ட் ஃபேனைச் சத்தமில்லாமல் ஓட்ட அளவெடுத்துச் செய்தது மாதிரி. நூறு மில்லியாம்புக்கு மேல் இழுக்காத ஃபேனாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று

கடைசித் தகவல். ட்ரான்ஸ்பார்மர், 317, ஃபெரைட், ரப்பர் பின் எல்லாம் போட்டாயிற்று. 7.5 வோல்ட்டில் ஓடுகிறது. அறை 33 டிகிரி. டம்மி லோடில் பத்து நிமிடம் நிறுத்தி நிறுத்திக் கேரியர் கொடுத்து, பைனல்ஸ் பெட்டிக்கு வெளியே வரும் காற்றில் தெர்மோகப்புள் வைத்தால் 47-ல் நின்றது. ஃபேனை நிறுத்தி அதே சோதனையை ஆரம்பித்தேன், பெட்டித் தகரமே 70-ஐத் தாண்டியதும் பயந்து அணைத்துவிட்டேன். பச்சைக்கண் சார் கவனிக்கவும்.

சத்தம்? ஃபேன் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் எஸ் மீட்டர் 3-லேயே நிற்கிறது, 2-க்கு வர மாட்டேன் என்கிறது. வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். ஃபிரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர், எதுவும் இல்லை. கடைசியில் கண்டுபிடித்தேன். என் தலைக்கு மேலே போன வருஷம் மாட்டின, கரண்ட் மிச்சமாகும் என்று வாங்கிய பிஎல்டிசி (உள்ளே சில்லு வைத்து ஓடும்) சீலிங் ஃபேன். அதை நிறுத்தினால் 40 மீட்டர் பளிங்கு. நிறுத்தினால் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கடலூரில், மே மாதத்தில்.

டியூப்தாத்தா

எங்கள் மாடியில் ஒரு பழைய சீலிங் ஃபேன் சும்மா தொங்குகிறது, படி ரெகுலேட்டரோடு. ரேடியோவுக்குத் தொந்தரவே கிடையாது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு அந்தத் துணியில் சுற்றி வைத்த மோட்டாரைக் கொண்டுவாரும், தண்டுக்கு ஒரு புஷ் கடைந்து தருகிறேன்.

உப்புக்காற்று

வர்ற ஞாயிறு வருகிறேன் ஐயா. 73 (நல்வாழ்த்துகள்).